1972 எம்ஜிபி: டேங்க் ஃபுல்லா இருந்தா மட்டும் வர்ற பெட்ரோல் வாசனை

வண்டி 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது எம்ஜி கம்பெனியோட கூரை திறக்கற ஸ்போர்ட்ஸ் கார், இங்கிலாந்து வண்டி, குரோம் பம்பர், 1798 சிசி இன்ஜின், எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர் ரெண்டு. 1962ல இருந்து 1980 வரைக்கும் ஆபிங்டன் ஃபேக்டரியில அஞ்சு லட்சத்துக்கும் மேல பண்ணித் தள்ளின மாடல்ங்கறதால ஸ்பேர் பார்ட்ஸுக்கு இங்க இங்கிலாந்துல பஞ்சமே இல்ல, அது பின்னாடி நமக்கு உதவப்போகுது. ஓனர் ரிடயர்டு ஆளு, வெயில் அடிச்சா மட்டும் வெளிய எடுப்பாரு, குளிர்காலம் பூரா வீட்டோட ஒட்டின கராஜ்ல மூடி நிக்கும்.

கம்ப்ளெய்ன்ட் இதுதான்: டிக்கிய திறந்தா பெட்ரோல் வாசனை, சில நாள் கராஜ் கதவைத் திறந்தாலே மூக்குல ஏறுது, எப்பவாச்சும் பின்பக்கம் வலது மூலையில தரையில ஒரு சின்ன ஈரம், தொட்டுப் பாக்கறதுக்குள்ள காஞ்சு போயிடுது. ஏற்கனவே ஒரு கராஜ்ல காட்டியிருக்காங்க, அவங்க பம்ப் பக்கத்துல இருந்த ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்திட்டு, டேங்கோட கீழ் ஓரத்துல சீம், அதாவது ரெண்டு தகடு சேர்ற ஜாயின்ட், வர்ற இடத்துல எம்சீல் மாதிரி ஒரு புட்டிய அப்பிவிட்டு "ஓகே"ன்னு அனுப்பிட்டாங்க, ரெண்டு மூணு வாரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் பழையபடி. நம்மகிட்ட வந்தப்போ புட்டி மேல கறுப்பா ஈரம் படிஞ்சு அழுக்கு ஒட்டியிருந்துச்சு.

இங்க ஒரு விஷயம். இந்த மாதிரி கேஸ்ல எல்லாரும் முதல்ல கேக்கறது "எங்க ஒழுகுது"ன்னுதான். அந்தக் கேள்விக்கு வண்டி ஒழுங்கா பதில் சொல்லாது, ஏன்னா பெட்ரோல் மெல்லிசு, இரும்பு மேல வழிஞ்சு ஓடி ஓரம் எங்க முடியுதோ அங்க வந்து சொட்டும், ஓட்டு வீட்டுல ஓடு உடைஞ்ச இடம் ஒண்ணு, தண்ணி சொட்டுற இடம் ஒண்ணுன்னு இருக்குமே அதே கதைதான். அதனால நான் ஓனர்கிட்ட கேட்டது "எப்ப ஒழுகுது"ன்னு. மனுஷன் கொஞ்சம் யோசிச்சுட்டு ஒண்ணொண்ணா சொன்னாரு. பங்க்ல ஃபுல் பண்ணின அன்னைக்கு கண்டிப்பா வாசனை வரும். வெயில் நாள்ல மத்தியானம் மேல அதிகம். ஒரு பாதி டேங்க் ஓடித் தீர்ந்துட்டா ஒண்ணுமே இருக்காது. குளிர்காலம் பூரா கால் டேங்கோட நின்னப்போ சுத்தமா வாசனையே இல்ல.

பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுது. கீழ் சீம்ல ஓட்டைன்னா கால் டேங்க் இருந்தாலும் ஒழுகணும், மட்டம் இறங்க இறங்க நிக்கிற லீக்னா ஓட்டை மேல எங்கயோ இருக்கு. வெயிலுக்கும் காரணம் இருக்கு, பங்க்ல பெட்ரோல் பூமிக்கடியில இருக்குற தொட்டியில இருந்து சில்லுன்னு வருது, அது ஒரு டிகிரி சூடானா சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு விரியும், 50 லிட்டர் ஊத்தி 15 டிகிரி சூடேறிச்சுன்னா முக்கால் லிட்டர் கிட்ட கூடிடும். விளிம்பு வரைக்கும் ஊத்தியிருந்தா அந்த முக்கால் லிட்டர் எங்க போகும்? வழி தேடும்.

இருந்தாலும் மேலதான்னு முடிவு கட்டிட்டு நேரா டேங்க இறக்குறது சரியில்ல, முன்பக்கத்தையும் ஒரு தடவை பாத்துடணும், அதுக்கு எம்ஜிபில ஒரு வசதி இருக்கு. இதுல எஸ்யூ எலக்ட்ரிக் பம்ப், பின் வலது வீல் கிட்ட, பேட்டரி பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கும். இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணா டக் டக் டக்னு அடிச்சு கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்கற கிண்ணம், அதாவது ஃப்ளோட் சேம்பர், ரெண்டும் நிறைஞ்சதும் நின்னுடும். நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா பம்ப்புக்கு அப்புறம் எங்கயோ பெட்ரோல் வெளிய போகுது, இல்லன்னா அந்த சேம்பருக்கு வர்ற பெட்ரோல அடைக்கற நீடில் வால்வு மூடலை, இல்லன்னா பம்ப் உறிஞ்சுற பக்கம் காத்து இழுக்குது. இந்த வண்டியில வேகமா அடிச்சுது, மெதுவாச்சு, நின்னுச்சு, அப்புறம் சத்தமே இல்ல. கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ பைப்பும் காஞ்சு கிடந்துச்சு. சரி, பம்ப்ல இருந்து முன்னாடி எல்லாம் நல்லா இருக்கு, டேங்க் பக்கம் போவோம்.

டேங்க் எப்படி மாட்டியிருக்குன்னு தெரிஞ்சாதான் மத்தது புரியும். டிக்கி தரைக்கு அடியில, வலது பக்கமா, தரையோட ஒட்டித் தொங்கும். ஆரம்ப கால எம்ஜிபில டேங்க் சின்னது, பட்டை போட்டுக் கட்டியிருப்பாங்க, 1965ல இருந்து 12 கேலன் டேங்க், நம்ம கணக்குல 54 லிட்டர், சுத்தி வெளிய நீட்டின ஒரு விளிம்பு, ஃபிளேஞ்ச்னு பேரு, அதுல நட்டு போல்ட் போட்டு டிக்கி தரையோட இறுக்கியிருக்கும். பின்பக்க பேனல்ல இருக்குற ஃபில்லர்ல, அதாவது பெட்ரோல் ஊத்தற வாயில இருந்து ரப்பர் ஹோஸ் ஒண்ணு டேங்குக்கு இறங்கும், ரெண்டு கிளிப். பெட்ரோல் அளவு காட்டற கேஜோட ஃப்ளோட் யூனிட் டேங்கோட பக்கவாட்டுல, ஒரு லாக்கிங் ரிங் போட்டு, அதுக்குப் பின்னாடி ரப்பர் சீல். ஆக பாதி டேங்குக்கு மேல சந்தேகப்பட மூணு இடம்: ஃபில்லர் ஹோஸ், ஃப்ளோட் யூனிட்டோட சீல், டேங்கோட மேல் தகடு. மூணாவது இடத்தை டேங்க இறக்காம கண்ணால பாக்கவே முடியாது, அதனாலதான் யாரும் அதைப் பாக்கறதில்ல.

கண்டுபிடிக்கறதுக்கு நான் பண்ணது ரொம்ப சாதாரணம். டேங்கோட வெளிப்பக்கம் பூரா துடைச்சு, அந்த புட்டியையும் சுரண்டி எடுத்துட்டு, குட்டிக்யூரா டப்பா பவுடர பிரஷ்ல எடுத்து சுத்திலும் அடிச்சுவிட்டோம், ஃப்ளோட் யூனிட் ரிங்கை சுத்தி, ஃபில்லர் ஹோஸ் கிளிப் ரெண்டுலயும், ஃபிளேஞ்ச் ஓரம் பூரா, கீழ் சீம். ஈரம் பட்ட இடத்துல வெள்ளை போய் சாம்பல் கலர்ல கோடு விழும், பெட்ரோல் காஞ்சு போனாலும் கோடு அப்படியே நிக்கும், அதுதான் இதுல இருக்குற லாபம். அப்புறம் ஓனர விட்டு காலையில ஃபுல் டேங்க் போட்டு வரச்சொல்லி வெளிய வெயில்ல நிறுத்திட்டோம்.

மத்தியானம் கூட வேலை பாக்குற பையன் ஃபில்லர் கேப்பைத் திறந்தான், திறந்துட்டு என்னைப் பாத்து, "அண்ணே, இப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சு, கேட்டீங்களா?"

"திரும்ப மூடுடா, ஒரு மணி நேரம் கழிச்சுத் திற."

ஒரு மணி நேரம் கழிச்சும் அதே புஸ்ஸு. இது எதிர்பாக்காத விஷயம், ஆனா கேஸ்ல நல்ல துப்பு. இங்கிலாந்து எம்ஜிபிக்கு காத்து போய் வர்ற கேப்புதான் போடணும், டேங்குக்கு மூச்சு விட வேற வழி கிடையாது. அமெரிக்காவுக்குப் போன வண்டிகள்ல பெட்ரோல் ஆவியப் பிடிக்க சார்கோல் டப்பா சிஸ்டம் இருந்ததால 1970ல இருந்து அதுக்கு சீல் பண்ணின கேப். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி. ஓனர் எப்பவோ பளபளன்னு இருக்கேன்னு ஒரு புது கேப் வாங்கிப் போட்டிருக்காரு, அது சீல் டைப். அதனால வெயில்ல டேங்க் உள்ள பிரஷர் ஏறுது, சும்மா கசியற ஓட்டைய அது அழுத்தித் தள்ளி ஒழுக வைக்குது. நெடுந்தூரம் ஓட்டும்போது இதுவே தலைகீழா நடக்கும், பம்ப் உறிஞ்ச உறிஞ்ச உள்ள வேக்குவம் ஆகி வண்டி திணறும். கேட்டா "ஆமாங்க, மோட்டார்வேல சில சமயம் இழுக்காது, கொஞ்சம் நிறுத்திட்டு எடுத்தா சரியாயிடும்"னாரு. அதை கார்புரேட்டர் பிரச்சனைன்னு நினைச்சு அவரு அதுக்குத் தனியா செலவு வேற பண்ணியிருக்காரு.

ஆனா கேப் ஓட்டை போடாது, இருக்குற ஓட்டையத்தான் காட்டிக்கொடுக்கும். பவுடர்ல பாத்தா ஃப்ளோட் யூனிட் ரிங் சுத்தி சுத்த வெள்ளை. ஃபில்லர் ஹோஸ் கிளிப் ரெண்டும் வெள்ளை. ஹோஸ் மேல விரிசல் விட்டிருந்துச்சு, மாத்த வேண்டியதுதான், ஆனா குற்றவாளி அது இல்ல. ஃபிளேஞ்சோட முன் வலது மூலையில மட்டும், டிக்கி தரைக்கும் டேங்குக்கும் நடுவுல இருக்குற இடுக்குல இருந்து ஒரு விரல் அகலத்துக்கு சாம்பல் கோடு இறங்கி, பக்கவாட்டுல வழிஞ்சு, கீழ் சீம் வரைக்கும் வந்து, சீம் ஓரமாவே ஓடி புட்டி இருந்த இடத்துல நின்னுச்சு. அந்த சீம் பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இனி டேங்க இறக்கணும், இறக்குறதுக்கு முன்னாடி காலி பண்ணணும், இங்கதான் ஆளுங்க அவசரப்படுவாங்க. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லயே தீப்பிடிக்கிற அளவு ஆவி விடும், அந்த ஆவி காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம், தரையோட தவழ்ந்து போய் பள்ளத்துல தேங்கும். அதனால இன்ஸ்பெக்‌ஷன் பிட் மேல நிறுத்தி இந்த வேலைய பண்ணவே கூடாது, வீட்டோட ஒட்டின கராஜ்ல ஹீட்டிங் பாய்லர் இருந்தா அங்கயும் கூடாது, காத்தோட்டமா வெளிய நிறுத்தித்தான். காத்துல 1.4 சதவீதம் ஆவி இருந்தாலே போதும் பத்திக்க, அதனால நிறைஞ்ச டேங்கைவிட காலி டேங்க்தான் ஆபத்து. இன்னொண்ணு சட்டம், இங்கிலாந்துல வீட்டுல யாருக்கும் சொல்லாம வச்சுக்கற பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர் வரைக்கும்தான், பிளாஸ்டிக் கேன்னா ஒண்ணு 10 லிட்டர், மெட்டல் கேன்னா 20. அப்ப ஃபுல் டேங்கோட வர்ற எம்ஜிபிய ஒரே நாள்ல காலி பண்ண வழியே இல்ல. டெஸ்ட் முடிஞ்சதும் வெளிய ஒரு பத்து லிட்டர் எடுத்துட்டு, சீல் கேப்பைக் கழட்டிப் போட்டுட்டு பழைய காத்து கேப்பை மாட்டி, மிச்சத்தை ஓட்டியே தீர்த்துட்டு வாங்கன்னு ஓனர அனுப்பிட்டோம், வண்டிய கராஜ்ல மட்டும் நிறுத்தி வைக்காதீங்கன்னு சொல்லி. கடைசியில நாலஞ்சு லிட்டரோட திரும்பி வந்தாரு, அதை கைப்பம்ப் வச்சு எடுத்தோம்.

முதல் வேலை பேட்டரி. 1972 வண்டியில ரெண்டு 6 வோல்ட் பேட்டரி, சீட்டுக்குப் பின்னாடி பலகைக்கு அடியில, இணைப்பைக் கழட்டியாச்சு. ஸ்டெப்னிய வெளிய எடுத்து, டிக்கி மேட்டைத் தூக்கினா அது அடிப்பக்கம் பெட்ரோல் வாசனை புடிச்சு ஊறிப்போய் இருக்கு. ஃபில்லர் ஹோஸ், அவுட்லெட் பைப், ஃப்ளோட் யூனிட் ஒயர் கழட்டி, டேங்குக்கு அடியில ஜாக்கி மேல பலகை வச்சு முட்டுக் கொடுத்துட்டு நட்டைத் தொட்டோம். 50 வருஷ நட்டு, முந்தின நாளே துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊற விட்டிருந்தும் ரெண்டு நட்டு உருண்டு போச்சு. கிரைண்டர எடுக்கலாமான்னு கையில அரிப்பு வரும், எடுக்கக்கூடாது, நட் ஸ்ப்ளிட்டர்னு கையால திருகிப் பிளக்குற ஒரு டூல் இருக்கு, பொறுமையா அதுலதான்.

டேங்க் இறங்கிச்சு. மேல் தகட்டைப் பாத்ததும் வேற எதுவும் கேக்கவே தேவைப்படல. டேங்குக்கும் டிக்கி தரைக்கும் நடுவுல அதிர்வு தாங்க பட்டை பட்டையா பேக்கிங் வச்சிருக்காங்க, அது ஸ்பாஞ்சு மாதிரி நொந்து போய் கறுப்பா தண்ணி குடிச்சுட்டு கிடக்கு, கையால பிச்சா சேறும் துருவும் சேந்து வருது. பட்டை இல்லாத இடத்துல தகட்டுல ஃபேக்டரி பெயின்ட் இன்னும் மினுக்குது. பட்டைக்கு அடியில மட்டும் துரு, ஏடு ஏடா, முன் வலது மூலையில ஸ்க்ரூடிரைவர் நுனிய சும்மா வச்சேன், உள்ள போயிடுச்சு. பக்கத்துல வரிசையா குண்டூசி முனை அளவுல இன்னும் சில ஓட்டை. உறுதிப்படுத்திக்க வாய் எல்லாம் அடைச்சுட்டு, சோப்புத் தண்ணி தடவி, சைக்கிள் பம்ப்ல மெதுவா ஒரு பிஎஸ்ஐக்குள்ள காத்து விட்டோம், அதுக்கு மேல விட்டா தட்டையான டேங்க் புடைச்சுக்கும். நுரை பொங்குச்சு அந்த மூலையில, மத்த எங்கயும் இல்ல, கீழ் சீம் உட்பட.

நிறைய பேரு டேங்க் துருப்பிடிச்சா உள்ள தண்ணி சேந்து கீழ இருந்துதான் அரிக்கும்னு நினைக்கறாங்க. அதுவும் நடக்கும், ஆனா எம்ஜிபில பெரும்பாலும் வெளியில இருந்து உள்ள, மேல இருந்து கீழதான். குளிர்காலத்துல இங்க ரோட்டுல உப்பு போடுவாங்க, பின் வீல் அந்த உப்புச் சேத்தை அள்ளி அடிக்கும், அது இடுக்குல போய் உக்காந்துக்கும், மேல டிக்கி தரை மூடியிருக்கறதால காயவே காயாது. அதோட இந்த வயசு வண்டிக்கு 2018 மே மாசத்துல இருந்து வருஷாந்திர எம்ஓடி டெஸ்ட், அதாவது இங்கத்த ஃபிட்னஸ் டெஸ்ட், கட்டாயம் இல்ல, 40 வருஷம் தாண்டினதுக்கு விலக்கு. அதனால யாரும் லிஃப்ட்ல ஏத்தி டார்ச் அடிச்சுப் பாக்கறதில்ல. விலக்குங்கறது நல்ல விஷயம்தான்னு ஓனர்ஸ் சொல்வாங்க, எனக்கு அதுல பெரிய உடன்பாடு இல்ல.

இப்ப என்ன பண்றது? மூணு வழி. ஒண்ணு வெல்டு, இல்லன்னா ஈயம் வச்சு ஒட்டறது. அதுக்கு டேங்கைக் கழுவி, ஆவி துளி கூட இல்லாம பண்ணி, அதுக்குன்னே செட்டப் வச்சிருக்கற ஆளுகிட்டதான் கொடுக்கணும், நாலு தடவை கழுவிட்டேன் ஒண்ணும் ஆகாதுன்னு வீட்டுல டார்ச்சைத் தூக்கறவங்களுக்கு சொல்ல என்கிட்ட வார்த்தை இல்ல. தவிர துருப்பிடிச்ச தகடு மெல்லிசாகி இருக்கும், ஒரு ஓட்டைய அடைச்சா சூட்டுல பக்கத்துல ரெண்டு திறக்கும். ரெண்டாவது, உள்ள ஊத்தி உருட்டி படிய விடற சீலர். ஓட்டை பொடிசா, தகடு கெட்டியா இருந்தா எபாக்ஸி வகை சீலர் நிக்கும், ஆனா பழைய வகை சீலர் பல இப்ப பெட்ரோல்ல கலக்கற எத்தனாலுக்குத் தாங்காம இளகி செதில் செதிலா உரிஞ்சு ஃபில்டரையும் பம்ப்பையும் அடைக்கும். மூணாவது, புது டேங்க்.

இது ஏதாவது கிடைக்காத இத்தாலி வண்டியா இருந்தா ரெண்டு வாரம் உக்காந்து பழைய டேங்கைக் காப்பாத்தியிருப்பேன், மேல் தகட்டை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு போடறதும் உண்டு. எம்ஜிபிக்கு அந்தப் பாடு தேவையே இல்ல, புது டேங்க் ஒரு செட் டயர் விலையைவிடக் கம்மி. ஓனருக்கு மட்டும் ஒரிஜினல் போகுதேன்னு கொஞ்சம் மனசு. டிக்கி தரைக்கு அடியில இருக்கறத எந்த ஷோவுல யாரு குனிஞ்சு பாக்கப்போறாங்கன்னு கேட்டேன், சிரிச்சுட்டு ஓகேன்னுட்டாரு.

புது டேங்க் வந்ததும் அப்படியே மாட்டிடக்கூடாது. பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு ஃபிளேஞ்ச் ஓட்டை, ஃபில்லர் வாய், அவுட்லெட், ஃப்ளோட் யூனிட் வாய் எல்லாம் ஒத்துப் போகுதான்னு பாத்தோம். உள்ள துருப்பிடிக்காம இருக்க தடவின எண்ணெயும் கொஞ்சம் இரும்புத் தூளும் இருந்துச்சு, ஒரு லிட்டர் பெட்ரோல் விட்டு குலுக்கி ஊத்தினா அடியில மினுமினுன்னு இறங்குச்சு. கடையில வர்ற கறுப்பு பெயின்ட் சும்மா பேருக்கு, நகத்துல கீறினா வருது, அதனால மேல் தகட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் ஜிங்க் பிரைமர் ரெண்டு கோட், அதுக்கு மேல சேஸிஸ் பெயின்ட். டிக்கி தரையோட அடிப்பக்கம் மேலோட்டமான துருதான், சுரண்டி அதுக்கும் பெயின்ட். பேக்கிங்குக்கு ஸ்பாஞ்சு வேண்டாம், தண்ணி குடிக்காத ரப்பர் பட்டைய துண்டு துண்டா, நடுவுல இடைவெளி விட்டு ஒட்டினோம், உள்ள போற தண்ணி வெளிய வர வழி வேணும். மாட்டி முடிச்சதும் இடுக்கு பூரா வேக்ஸ் அடிச்சாச்சு.

ஃப்ளோட் யூனிட்டுக்கு புது சீல், லாக்கிங் ரிங்கை பித்தளைக் கம்பியால தட்டித்தான் திருப்பணும், இரும்பு உளியால தட்டினா பொறி பறக்கும். ஒயர் ரெண்டு, பச்சையில கறுப்புக் கோடு போட்டது கேஜுக்கு, கறுப்பு எர்த்துக்கு. கறுப்பு ஒயரோட முனை துருப்பிடிச்சு உதிர்ற நிலையில இருந்துச்சு, அதை வெட்டி புது டெர்மினல் போட்டோம். முன்னாடி எர்த் டேங்க் போல்ட் வழியாவே எப்படியோ போயிட்டிருந்திருக்கு, இப்ப புது பெயின்ட் நடுவுல வந்துட்டதால இந்த ஒயர் சரியில்லன்னா கேஜ் முள்ளு எழும்பவே எழும்பாது, அப்புறம் புது ஃப்ளோட் யூனிட் வாங்கணுமோன்னு தேட வேண்டியதுதான்.

ஹோஸ் விஷயம் கொஞ்சம் சொல்லணும். 2021 செப்டம்பர்ல இருந்து பிரிட்டன்ல சாதாரண 95 பெட்ரோல் எல்லாம் ஈ10, அதாவது 10 சதவீதம் வரைக்கும் எத்தனால். பழைய ரப்பர் அதுல ஊறி உப்பி, அப்புறம் காஞ்சா வெடிக்கும். முந்தின கராஜ் போட்டது புது ஹோஸ்தான், ஆனா மேல எந்த ஸ்பெக்கும் அச்சடிக்கல, அதனால பம்ப் ரெண்டு பக்கமும் எத்தனால் தாங்கற ஆர்9 ரக ஹோஸா மாத்தி, ஃபில்லர் ஹோஸும் கிளிப்பும் புதுசு. இனி எத்தனால் கம்மியா, 5 சதவீதம் வரைக்கும் மட்டும் இருக்கற சூப்பர் ஈ5 போடுங்கன்னு சொல்லியாச்சு. அந்த சீல் கேப்பை ஓனர் கையில கொடுத்தா மறுபடி மாட்டிடுவாரோன்னு அமெரிக்க வண்டி வச்சிருக்கற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்.

டெஸ்ட்டுக்கு முதல்ல பத்து லிட்டர், சாவி ஆன், பம்ப் அடிச்சு நின்னுச்சு. எல்லா ஜாயின்ட்டும் மறுபடி பவுடர். அப்புறம் ஃபுல், விளிம்பு வரைக்கும் வேணும்னே, வெயில்ல சாயங்காலம் வரைக்கும். கேப்பைத் திறந்தா சத்தம் இல்ல, பவுடர் பூரா வெள்ளை. அடுத்த வாரமும் ஒரு தடவை பாத்தோம், ஃப்ளோட் ரிங் கீழ்ப்பக்கம் லேசா சாம்பல் தெரிஞ்சுது, ரிங்கை இன்னும் கொஞ்சம் தட்டி இறுக்கினதும் அதுவும் நின்னுடுச்சு, புது சீல் முதல்ல கொஞ்சம் அமுங்கும்.

டிக்கியில வாசனை மட்டும் அதுக்கப்புறமும் சில நாள் இருந்துச்சு, ஓனர் மறுபடி போன் பண்ணாரு. அது அந்த மேட். துவைச்சும் போகல, தூக்கிப் போட்டுட்டு புதுசு போடச் சொன்னோம். எடுத்த பெட்ரோல வடிகட்டி பையனோட ஃபியஸ்டா காருல ஊத்தியாச்சு, பழைய டேங்க் வாய் எல்லாம் திறந்து யார்டு மூலையில காயுது, நல்லா ஆவி போனதும் ஸ்கிராப்புக்குப் போடணும்.